தாழாத சுழியோடி

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தொடக்கம் திருகோணமலைத் துறைமுகத்துச் சுழியோடி பாக்கியரத்தினம் தண்ணீரில் தாழவில்லை. இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். ஈயமும் அவரோடு சேர்ந்து மிதந்தது. நங்கூரச் சங்கிலியில் ஒரு துண்டை வயிற்றின் குறுக்கே போட்டுப் பார்த்தார்கள். சங்கிலி அங்கே பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு கிடந்தது. அது பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று சனம் வெயிலில் காய்ந்த வருசம். ஆச்சரியப்படுவதற்கு ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. ஆனபடியால் முதல் ஒரு மாதம் இந்தச் சங்கதி துறைமுகத்து வேலியைத் தாண்டவில்லை.

பாக்கியரத்தினத்துக்கு அப்போது வயது நாற்பத்தேழு. லிங்கநகரில் வீடு, சிவாஜினி என்று மனைவி, மட்டக்களப்பில் படிக்கிற ஒரு மகள். கப்பல்களின் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கொம்பனியில் இருபத்திரண்டு வருசமாகச் சுழியோடுகிறவர். கடவுள் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். இதற்குப் பின்னால் பெரிய கதை ஏதும் இருக்க வேண்டும் என்று ஊரில் பலர் கிண்டிப் பார்த்ததுண்டு. உள்நாட்டுச் சண்டையில் ஆட்களைப் பறிகொடுத்த கோபம் என்றார்கள்; பறிகொடுத்தது உண்மை, ஆனால் அதற்கு முன்னாலேயே அவருக்கு நம்பிக்கை கிடையாது. கண்ட கண்ட புத்தகங்களை வாசித்துக் கெட்டுப்போனார் என்றார்கள். அந்த மனுசன் பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைத் தவிர வேறொன்றும் வாசிக்காதவர். சிலருக்குப் பாகற்காய் வாய்க்குப் பிடிக்காது அல்லவா, அப்படித்தான் இதுவும். பதினொரு வயதில் கோவிலில் நின்றபோது உள்ளே ஒருவரும் இல்லை என்று அவருக்குப் பட்டது. பிறகு மாறிப் படவில்லை. அதை வைத்து அவர் ஒருவரோடும் வாதாடவும் இல்லை. மனைவியை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்க் கோவிலடியில் இறக்குவார், வெளியே நின்று கச்சான் கடலை கொறிப்பார், அவள் கொண்டுவருகிற பொங்கலை அவளைவிடக் கூடுதலாகச் சாப்பிடுவார்.

சனம் அவரைச் சும்மா விட்டதா என்றால், விடவில்லை. சிவாஜினி அவருடைய சட்டைப் பைக்குள் திருநீற்றுப் பொட்டலம் வைப்பாள். கூடச் சுழியோடுகிற பேணாட் கத்தோலிக்கன். அவருடைய சாமான் பைக்குள் அந்தோனியார் பதக்கத்தைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்பான். வள்ளம் ஓட்டுகிற முனீப்பின் மனைவி சித்தி பரீதா, ஓதிய தாயத்து ஒன்றைத் தகரக் கூட்டில் அடைத்து அனுப்பியிருந்தாள். பாக்கியரத்தினம் ஒன்றையும் எறியவில்லை. எல்லாவற்றையும் சாமான் அறையில் ஒரே ஆணியில் கொழுவி வைத்தார். "தந்தது என்ர ஆக்கள். எறிய ஏலுமே?" என்பார். இவ்வளவு நல்ல மனுசன் நரகத்துக்குப் போகப்போகிறாரே என்று மூன்று சமயத்துச் சனமும் கவலைப்பட்டது. வேறு எதிலும் ஒத்துப்போகாத சனம் இந்த ஒரு விசயத்தில் நன்றாக ஒத்துப்போனது.

அவருக்கு ஆறுதலாக இருந்த இடம் நாற்பது அடி ஆழம்தான். மேலே இருந்து கொம்பிறசர் மெசின் குழாய் வழியாகக் காற்றை அனுப்பும்; கீழே பச்சையும் கறுப்புமாகக் கலங்கின தண்ணீர், தலைக்கு மேல் கப்பலின் வயிறு, காதுக்குள் தன்னுடைய மூச்சு. மணிச் சத்தம் இல்லை, பாங்குச் சத்தம் இல்லை, "உங்களுக்காகவும் கும்பிட்டனான்" என்று சொல்ல ஆள் இல்லை. அவருக்கு அந்தச் சத்தங்களோடு பகை ஒன்றும் இல்லை. ஆனால் நாள் முழுக்க ஆட்கள் நம்மைத் திருத்தப் பார்க்கிற வீட்டிலும் வேலையிலும் இருந்துவிட்டு, திருத்த ஒருவரும் இல்லாத இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்பது ஒரு சுகம். அந்தச் சுகத்துக்காகவே அவர் லீவு எடுக்காமல் வேலைக்குப் போனார் என்று சொல்ல வேண்டும்.

நான் முதலில் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஒரு கோதுமைக் கப்பலின் சுழல்விசிறியில் சிக்கின கயிற்றை அறுக்க இறங்கினார். கயிற்றோடு அவருடைய காற்றுக் குழாயும் மாட்டிக்கொண்டது. மேலே குமிழி வருவது நின்றது. பேணாட் குதித்துத் தேடினான். கலங்கலில் ஒன்றும் தெரியவில்லை. மேலே வந்து சிவாஜினிக்கு ரெலிபோன் அடித்தான். "அக்கா, அண்ணை கீழ நிக்கிறார், வரேல்ல" என்றான். அதற்குப் பிறகு வந்த எட்டு நிமிசத்துக்குள் மூன்று நேர்த்திகள் வைக்கப்பட்டன. சிவாஜினி குசினிக்குள் நின்றபடியே, அவர் உயிரோடு வந்தால் அம்மனுக்கு அவர் தீ மிதிப்பார் என்றாள். பேணாட் வள்ளத்தில் முழங்காலில் விழுந்து, அவருடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி, அதை அவரே முழங்காலில் போய் அந்தோனியாருக்குக் கொளுத்துவார் என்றான். முனீப் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, பெரியார் அடங்கிய சியாரத்தில் நாற்பது பேருக்குக் கந்தூரிச் சாப்பாடு, அவரே தன் கையால் பரிமாறுவார் என்றார். எல்லாம் மனசுக்குள்; ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. மூன்று பேரும் நேர்ந்தது தங்கள் காலையோ கையையோ அல்ல, நம்பாத மனுசனின் காலையும் முழங்காலையும் கையையும். பதற்றத்தில் எங்கள் சனம் விடுகிற பிழை இதுதான்.

ஒன்பதாவது நிமிசம் பாக்கியரத்தினம் மேலே வந்தார். வந்தார் என்றால், கப்பலின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீரை விட்டுக் கிளம்பி, திரும்ப விழுந்து, பாய் விரித்த மாதிரி நீரின் மேல் மல்லாந்து கிடந்தார். முதுகு நனைந்தது, வயிறு நனையவில்லை. கயிற்றைத் தான் கத்தியால் அறுத்ததாக அவர் சொன்னார், அறுத்த துண்டு கையில் இருந்தது. அன்று தொடங்கிய மிதப்பு நிற்கவில்லை.

அடுத்த நாள் பிளேன்ரீ குடிக்கும்போது மூன்று நேர்த்தியும் வெளியே வந்தது. ஒரு மாதம் கழித்துக் கந்தளாய்ச் சாஸ்திரியார் ஒருவர் அதற்கு விளக்கம் சொன்னார்: ஒரு ஆளுக்கு ஒரு நேர்த்தி போதும், மூன்று பக்கத்தாலும் ஒரே நேரத்தில் தூக்கினால் ஆள் இப்படித்தான் கிடப்பார், நேர்த்தியைத் தீர்த்தால் தாழ்வார். பாக்கியரத்தினம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கயிறு அறுந்ததுக்குக் காரணம் தெரியும், நான் வெட்டினனான். மிதக்கிறதுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறதில என்ன பிழை?" என்றார். நேர்த்தியைச் செய்துவிட்டால் முடிந்ததே என்று பேணாட் கெஞ்சினான். செய்யலாம், ஆனால் செய்யும்போது நான் நம்புகிற மாதிரி நிற்க வேண்டும், அது உன்னுடைய அந்தோனியாருக்கே நான் சொல்லுகிற பொய் அல்லவா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஆனாலும் முனீப்பின் முகத்துக்காக அவர் கந்தூரிக்குப் போனார். நாற்பது பேருக்குச் சோறும் இறைச்சியும் வட்டிலப்பமும் தன் கையால் பரிமாறினார். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாந்தரமும் வைத்தார். சட்டி கழுவவும் நின்றார். அடுத்த நாள் கடலில் இறங்கினால் ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை. முனீப் மௌலவியிடம் ஓடினார். சோறு நல்ல சோறுதான், நிய்யத்து எங்கே என்று மௌலவி கேட்டாராம். "மனசில அந்த எண்ணம் வைச்சுத்தானே செய்யணும் அண்ணன், அது உங்களுக்கிட்ட இல்லையே" என்று முனீப் தலையைச் சொறிந்தார். பாக்கியரத்தினம் சிரித்தார். இருந்தால்தானே வைப்பது.

இதற்கிடையில் வரிசைகள் குறைந்தன, சனத்துக்கு ஆச்சரியப்பட நேரம் கிடைத்தது. தோப்பூரில் இருந்தும் கந்தளாயில் இருந்தும் வான் பிடித்து வந்தார்கள். தண்ணீரில் கிடக்கிறவரைப் பார்த்துச் சிலர் கற்பூரம் கொளுத்தினார்கள், சிலர் நோயாளிப் பிள்ளையைத் தொடச் சொல்லிக் கேட்டார்கள். "எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்று அவர் சொல்ல, என்ன பணிவு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடவுள் இல்லை என்று உரக்கவே சொல்லிப் பார்த்தார். சாமியார்மார் சோதிப்பதற்காக இப்படிக் கதைப்பார்கள் என்று ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார். கொம்பனி அவரைக் கொம்பிறசருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்தியது. பேணாட் இறங்கிப்போவதையும் அவனுடைய குமிழிகளையும் பார்த்தபடி இருப்பார். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. ஆனால் ஒரு மனுசனை அவனுடைய ஒரே அமைதியான இடத்துக்குள் போகவிடாமல் வெளியே நிறுத்தி, போதாததற்கு அவனையே கும்பிடவும் தொடங்கினால் அவன் என்ன செய்வான்? பாக்கியரத்தினம் மெலிந்துபோனார். கோபப்படத் தெரியாத மனுசன் ஒரு நாள் கதிரையைக் காலால் தட்டிவிட்டார்.

அன்றைக்குத்தான் அவர் பேணாட்டையும் முனீப்பையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, சிவாஜினியையும் பக்கத்தில் இருத்தி, தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். "நேர்த்தி வைச்சது நீங்கள். அது எனக்குப் பிணியாய்க் கிடக்கு. எனக்கு நம்பேலாது, உங்களுக்கு ஏலும். நீங்களே போய் உங்கட ஆக்களோட கதைச்சு அதைத் திருப்பி வாங்குங்கோ." எல்லோரும் தேத்தண்ணியைப் பார்த்தார்கள். கடவுளிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது சின்ன வேலை இல்லை.

முதலில் போனவர் முனீப். நிறைவேற்ற முடியாத நேர்ச்சைக்கு மூன்று நாள் நோன்பு பிடிக்கலாம் என்று மௌலவி வழி சொன்னார். முனீப் பங்குனி வெயிலில் மூன்று நாளும் பிடித்தார். நாலாம் நாள் காலை பாக்கியரத்தினம் கடலில் இறங்கினார், இடுப்புவரை தாழ்ந்தார். வள்ளத்தில் இருந்து பார்த்த முனீப் அழுதேவிட்டார். பேணாட் பங்குத்தந்தையிடம் போனான். மற்றவன்ர முழங்காலை வைத்து நீ என்ன வாக்குக் கொடுக்கிறாய் என்று அவர் நல்ல ஏச்சுக் கொடுத்து, உன்ர உயரத்துக்கு வாங்கு, உன்ர முழங்காலில் போ என்றார். பேணாட் கட்டை ஆள், மெழுகுதிரியும் கட்டையாகவே வந்தது. ஆனால் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து ஒரு கிழமை நொண்டினான். அவன் நொண்டின முதல் நாள் பாக்கியரத்தினம் கழுத்துவரை தாழ்ந்தார்.

அதோடு நின்றது. தலை மட்டும் வெளியே. கீழே காலுக்கு ஒரு பிடியும் இல்லாமல், துறைமுகத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றார், நாடிக்குக் கீழே கடல். இரண்டு தரம் காகம் வந்து உச்சந்தலையில் இருந்துவிட்டுப் போனது. அந்தத் தலையைப் பிடித்திருந்தது சிவாஜினியின் நேர்த்தி.

சிவாஜினி மாட்டேன் என்றாள். கத்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை. காய் வெட்டியபடி சொன்னாள்: "உங்களுக்கு அந்த நேர்த்தி கீழ போற பாதையில ஒரு தடை. எனக்கு அது நீங்கள் திரும்பி வந்த பாதை. அதை நான் என்னண்டு விடுறது?" இருபத்திரண்டு வருசம் ஒவ்வொரு நாளும் அவர் வேலைக்குப் போன பிறகு அவள் பயந்துகொண்டுதான் இருந்தாள், இப்போது ஏழு மாதமாகப் பயம் இல்லை, மிதக்கிற புருசன் சாகமாட்டான். பயமில்லாத ஒரு பகல் எப்படி இருக்கும் என்று கலியாணத்துக்குப் பிறகு முதல் தரம் அவளுக்குத் தெரிய வந்திருந்தது. மத்தியானம் நித்திரை கொள்ளவும் பழகியிருந்தாள். பாக்கியரத்தினத்துக்கு இது விளங்கியது. விளங்கினபடியால் அவர் இரண்டாந்தரம் கேட்கவில்லை.

சித்திரை பிறந்து, வருசப் பலகாரமும் முடிந்தது. ஒரு புதன்கிழமை அவர் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போக, சிவாஜினி அதை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் இறங்குதுறைக்குப் போனாள். பதினொரு மணி இருக்கும். மனுசன் கடலில் கழுத்தளவில் நின்றார், இவள் வந்ததைக் காணவில்லை. நல்லாக மூச்சை இழுத்து முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்தார். தண்ணீர் முகத்தைத் திருப்பி மேலே தள்ளியது. துடைத்துவிட்டுத் திரும்பக் கவிழ்த்தார். திரும்பத் தள்ளியது. கோபம் இல்லை, அவசரம் இல்லை. பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆள் மாதிரி அதையே செய்துகொண்டு நின்றார். சிவாஜினி பதினேழு தரம் எண்ணினாள். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை முனீப்பின் கையில் கொடுத்துவிட்டு, கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ. ஏறுங்கோ. மோட்டார்சைக்கிளை எடுங்கோ, கோவிலுக்குப் போவம்."

நேரம் தவறிப் போனதால் அம்மன் கோவிலில் ஐயர் இருக்கவில்லை, திரை போட்டிருந்தது. பாக்கியரத்தினம் ஈர உடுப்போடு வெளியே நின்றார். சிவாஜினி திரைக்கு முன்னால் போய் நின்று, பக்கத்து வீட்டுக்காரியோடு வேலிப் பிரச்சினை கதைக்கிற குரலில் தொடங்கினாள். "அம்மா, அண்டைக்கு நான் அவற்ர காலை உங்களுக்குத் தாறன் எண்டனான். அது என்ர கால் இல்லை. அவரைக் கேக்காமல் சொல்லிப்போட்டன். திருப்பித் தாங்கோ. என்ர காலை எடுங்கோ, ஆனியில நானே வந்து மிதிக்கிறன்." பிறகு குரல் உடைந்தது. "அவர் கீழ போகேக்க நீங்கள் பாக்கோணும் எண்டு நான் கேக்கேல்ல. கேக்க எனக்கு இனி உரிமை இல்லை. ஆனா பாக்கவேண்டாம் எண்டும் சொல்லேல்ல." அதற்குப் பிறகு அவள் திரைக்குக் கிட்டப் போய் மெல்லிய குரலில் இன்னும் என்னவோ கதைத்தாள், அது வெளியே கேட்கவில்லை. பாக்கியரத்தினம் கண்ணைத் துடைத்தார். உள்ளே கேட்க ஒருவரும் இல்லை என்பதில் அவருக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே நின்று தனக்காக வழக்குப் பேசுகிறவள் இருக்கிறாள், அதிலும் சந்தேகம் இல்லை. அந்தப் பயத்தோடுதான் அவள் இதைச் செய்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு அவர் குழாயை மாட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பு போனது, கழுத்து போனது, நாடி, மூக்கு, நரைத்த தலை, எல்லாம் போனது. இறங்குதுறை விளிம்பில் சிவாஜினி குந்தியிருந்தாள். குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவளுடைய வாய் எதையாவது முணுமுணுக்கும். அன்றைக்கு அவள் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு வெறும் குமிழிகளையே பார்த்தாள். புருசன் இத்தனை வருசமும் பிடிக்க ஒன்றும் இல்லாமல்தானே வாழ்ந்திருக்கிறார், அதுவும் சந்தோசமாக, என்று அவளுக்கு அப்போதுதான் பட்டதாம். இதைப் பிறகு அவளே சித்தி பரீதாவுக்குச் சொன்னாள். கீழே பாக்கியரத்தினம் பழைய இருட்டுக்குள், பழைய சத்தமின்மைக்குள் போய் நின்றார். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. ஒரு மணித்தியாலம் நிற்கலாம் என்றுதான் போனவர், இருபது நிமிசத்தில் ஏறி வந்தார். மேலே ஒருத்தி குந்தியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு மனுசன் அதற்கு மேல் எப்படி நிற்பது?

"எப்பிடி?" என்றாள்.

"அப்பிடியே இருக்கு," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை இரண்டு தரம் இறங்கினார், பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு சீமெந்துக் கப்பலுக்குப் பக்கத்தில், கப்பல்காரர் எல்லோரும் மேலே நின்று பார்க்க, குதித்தார். பாய் விரித்த மாதிரி மல்லாந்து கிடந்தார். வயிறு நனையவில்லை. பேணாட் வாயைப் பிளந்தான், முனீப் ரெலிபோனை எடுத்துச் சிவாஜினிக்கு அடித்து, வள்ளத்தில் இருந்து எட்டி அதை மிதக்கிறவரின் காதில் வைத்தார். மறுபக்கத்தில் சட்டி தாளிக்கிற சத்தம் கேட்டது. சிவாஜினி கொஞ்சமும் பதறவில்லை. "ஓம், சொல்ல நினைச்சனான். வெள்ளிக்கிழமையை மட்டும் நான் திருப்பி வாங்கேல்ல. அது அம்மனிட்டயே கிடக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன். கிழமையில ஒரு நாளாவது நான் நிம்மதியாச் சோறு காய்ச்சவேணும்."

பாக்கியரத்தினம் வானத்தைப் பார்த்தபடி அதை யோசித்தார். கிழமையில் ஏழு நாள் இருக்கிறது. ஆறு நாள் கடலடி அவருக்கு, ஒரு நாள் அவளுக்கு. இதைவிட நியாயமான பங்கீட்டை எந்தக் கோர்ட்டிலும் தரமாட்டார்கள். "ஓம், சரி," என்றார். "என்ன கறி?"

கொம்பனி அடுத்த மாதம் தொடக்கம் அவருடைய பெயருக்கு நேரே வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மேல்வேலை என்று எழுதியது. அன்றைக்கு வள்ளம் எட்டாத இடத்துக்குக் கயிறு கொண்டுபோக, கப்பல் ஓரத்தில் பெயின்ற் வாளியை வயிற்றில் வைத்துக்கொண்டு கிடக்க, விழுந்த சாமானைப் பொறுக்க அவரைவிட ஆள் இல்லை. ஆனியில் சிவாஜினி தீ மிதித்தாள்; பாக்கியரத்தினம் மற்றப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்று அவளுடைய காலைக் கழுவி, ஒரு கொப்புளமும் இல்லை என்று பார்த்து, அதற்கும் காரணம் தெரியாது என்றார். கும்பிட வந்த சனம் ஆறு நாள் தாழ்கிற சாமியாரில் நம்பிக்கை இழந்து வேறு இடத்துக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் வேலை இல்லாத நேரம் அவர் துறைமுகத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். வெயில் ஏறினால் பேணாட் நீந்திப்போய் அவருடைய முகத்தில் தொப்பியை வைத்துவிட்டு வருவான்.